ஆறும் ஊரும் ஒரே பெயர்: நம் பக்கத்துப் பட்டியல் ஒன்று வேண்டும்

பாளையங்கால்வாய்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெரு நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறன்று வாசகர் வட்டம் கூடும். இம்முறை பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைப்பை நானே எடுத்துக்கொண்டேன்: ஆற்றின் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் ஊர்கள். எல்லை, பழைய திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிவதற்கு முன்பிருந்த நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இன்னும் அந்த வரைபடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் கையில் இப்போது இருப்பவை: மணிமுத்தாறு, காரையாறு, சேர்வலாறு, கயத்தாறு, வைப்பாறு, முக்கூடல், ஆறுமுகநேரி. விட்டதைச் சொல்லுங்கள், தவறைத் திருத்துங்கள். ஞாயிறு வரை நேரம் இருக்கிறது.

சிற்றாற்றுக்கரை:
அண்ணாச்சி, ஆறுமுகநேரியை முதலில் எடுத்துவிடுங்கள். அது முருகனுடைய ஆறு முகம். ஓடுகிற ஆறு அந்தப் பெயரில் இல்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் உங்கள் பெயர்தான் கெடும்.

எங்கள் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்டான். பெயரில் கங்கை, கரையில் சிற்றாறு. ராஜேந்திர சோழன் கங்கை வரை போய் வென்று வந்த பட்டப்பெயர் எங்கள் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஆயிரம் வருடமாகக் கங்கையைப் பெயரில் சுமக்கிறோம், வெயில் காலத்தில் சிற்றாற்றில் கால் நனைக்க இடம் தேடுகிறோம்.

பாளையங்கால்வாய்:
ஆறுமுகநேரியை அடித்துவிட்டேன். எழுதும்போதே மனத்தில் ஒரு நெருடல் இருந்தது, ஆனாலும் எழுதிவிட்டேன். கங்கைகொண்டானை ‘வேறு ஆற்றின் பெயர்’ என்று தனியாக வைக்கிறேன். அந்த வரிசையில் சிந்துபூந்துறையும் வருமா? திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிறதே.

சிற்றாற்றுக்கரை:
வராது. அது பூ சிந்துகிற துறை. சிந்து நதிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீங்கள் கேள்வி கேட்பதைவிடப் பதில் எழுதும் பக்கம் உட்காருவது நல்லது என்று தோன்றுகிறது.

மேலணை:
நான் விக்கிரமசிங்கபுரம். முப்பது வருடம் அம்பாசமுத்திரம், பாபநாசம் தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மலைப்பக்கம் உங்கள் பட்டியலில் மிகவும் குறைவாக இருக்கிறது, தம்பி.

காரையாறும் சேர்வலாறும் சரி. அவற்றோடு சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். கீழே சமவெளியில் ஒரு ஊருக்குப் பெயர் வைக்க ராஜா இருந்தார், ராணி இருந்தார், கோயில் இருந்தது. அம்பாசமுத்திரம், ரவணசமுத்திரம், கோபாலசமுத்திரம், ரெங்கசமுத்திரம் என்று ஏரி வெட்டி அதற்குக் கடல் என்று பெயரும் வைத்தார்கள். காட்டுக்குள் அந்த வசதி கிடையாது. எந்த ஓடைப் பக்கம் குடிசை போட்டார்களோ அந்த ஓடையின் பெயர்தான் குடியிருப்புக்கும். குடி இடம் மாறும், ஓடை மாறாது.

காரையாறு பற்றி இன்னொன்று. பொதுப்பணித் துறைக் கணக்கில் அது பாபநாசம் அணை. பேப்பரிலும் பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்றுதான் போடுவார்கள். ஆனால் என் பஸ்ஸில் ஏறிய ஒருவர்கூட ‘பாபநாசம் அணைக்கு ஒரு டிக்கெட்’ என்று கேட்டதில்லை. காரையாறு என்றுதான் கேட்பார்கள். பாபநாசம் என்றால் கோயில், படித்துறை, மீனுக்குப் பொரி போடுவது. இரண்டுக்கும் டிக்கெட் வேறு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பாபநாசத்தில் இறங்கிவிட்டு, கோயில் எங்கே என்று கேட்டு முழிப்பார்கள். அடுத்த வண்டியில் நிற்க இடம் இருக்காது.

மெய்ப்பு:
அச்சகத்தில் பிழை திருத்துகிற ஆள் நான். இந்த இழையில் எல்லோரும் ‘காரையாறு’ என்று எழுதுவதைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது. வெளியே கதை வேறு. கல்யாணப் பத்திரிகை, கடைப்பலகை, பஸ் பலகை எதை எடுத்தாலும் ‘காரையார்’, ‘மணிமுத்தார்’, ‘கயத்தார்’. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழுக்குத் திருப்பும்போது றகரம் கரைந்து ரகரம் ஆகிவிடுகிறது. காரையார் என்றால் காரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது மேக்கரைக்கு மேலே உள்ள அடவிநயினார் அணை. அங்கே ‘ஆர்’ உண்மையான மரியாதை விகுதி. நயினார் சாமி. அதை ஒருவர் ‘அடவிநயினாறு’ என்று திருத்தி எனக்கே அனுப்பினார். அந்த அணைக்குத் தண்ணீர் தருவது அனுமன் நதி.

2020 ஜூன் மாதம் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது நினைவிருக்கும். சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆங்கிலப் பலகையை அவர்கள் மெதுவாகத் திருத்தட்டும். தமிழ்ப் பலகையில் றகரம் போட அரசாணை தேவையில்லை, பெயின்டர் போதும்.

வடகரை முக்கூடல்:
முக்கூடல் பட்டியலில் இருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி. ஆற்றங்கரை முத்துமாலையம்மன் கோயிலுக்கு எல்லோரும் ஒருமுறை வாருங்கள். கோயில் படியில் உட்கார்ந்தால் எதிரே ஆறு.

சீவலமங்கை:
மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். முக்கூடல் என்றால் மூன்று ஆறுகள் கூடும் இடம். அந்த மூன்று: தாமிரபரணி, சிற்றாறு, கோதண்டராம நதி என்று பெயர் பெற்ற கயத்தாறு. அவை சேரும் இடம் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடப்பட்டதும் இந்த முக்கூடலைத்தான். ஆசூர் வடகரை நாடு, சீவலமங்கைத் தென்கரை நாடு என்று அதில் இரண்டு கரையும் பெயரோடு வருகின்றன. அதில் வரும் அழகர் எங்கள் ஊர் அழகர். இன்றைக்கு முக்கூடல் என்று பலகை வைத்திருக்கும் ஊர் இங்கிருந்து மேற்கே, திருநெல்வேலியையும் தாண்டி, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. பெயர் ஓரிடம், கூடல் ஓரிடம்.

வடகரை முக்கூடல்:
இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழையா பள்ளு நடத்தும்போது, ‘இது உங்கள் ஊர் இல்லை, மனப்பால் குடிக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தையே திறப்பார். ஆனாலும் ஐயா, பேரூராட்சி எங்களுடையது, பஸ் பலகை எங்களுடையது, அஞ்சல் முத்திரை எங்களுடையது. முக்கூடலுக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால் எந்தக் கண்டக்டர் சீவலப்பேரியில் இறக்கிவிடுவார்? மேலணை அண்ணாச்சியே சொல்லட்டும்.

மேலணை:
சீவலப்பேரி என் தடம் இல்லை. இந்த வழக்கில் என்னை இழுக்காதீர்கள்.

சீவலமங்கை:
பலகையை நான் கேட்கவே இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் இங்கே வந்து நின்று பாருங்கள், அது போதும். சிற்றாறு தேயிலைச் சாறு நிறத்தில் கலங்கி வரும். பெரிய ஆறு அதைவிடத் தெளிவாக இருக்கும். இரண்டும் உடனே கலக்காது. கொஞ்ச தூரம் ஒரே படுகையில் பக்கத்துப் பக்கமாக, ஒன்றையொன்று தெரியாதவை போல் போகும். நடுவே நுரையும் சருகுமாக ஒரு கோடு நெளியும். இடுப்பளவு தண்ணீரில் அந்தக் கோட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் குளிர்ச்சி அதிகம். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கால்வாய்:
முக்கூடலுக்கு இரண்டு பக்க விடையையும் ஏற்றுக்கொள்வதாக முடிவு. இந்தச் சண்டையையே கேள்வியாக மாற்றினால் என்ன?

கயத்தாற்றின் கதை என்ன? பெயரில் ஆறு இருக்கிறது. நான்குவழிச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஓர் ஆற்றைப் பார்த்ததாக நினைவு இல்லை. காற்றாலைதான் பார்த்தேன்.

சீவலமங்கை:
ஊர் பெரிதானால் ஆற்றின் கதி அதுதான். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் என்ற பிறகு, கயத்தாறு என்றதும் எவருக்கும் தண்ணீர் நினைவுக்கு வராது, புளியமரம்தான் வரும். கயம் என்றால் நீர்நிலை, ஆழமான மடு. ஒரே பெயருக்குள் தண்ணீர் இரண்டு முறை வருகிறது. போகிற வழியில் அது ஓடை போலத் தெரியும். மழை பெய்தால் மட்டும் தன் பெயரை நினைவுபடுத்திவிட்டுப் போகும்.

வைப்பாற்று மணல்:
அந்த வகையில் எங்கள் கதை இன்னும் மோசம். வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி, சாத்தூர் தாண்டி, விளாத்திகுளத்தைத் தொட்டு, மன்னார் வளைகுடாவில் விழுகிறது. விழுகிற இடத்தில் உள்ள ஊரின் பெயரும் வைப்பாறு. பக்கத்தில் கீழவைப்பாறு என்ற கடற்கரை ஊர். உங்கள் பட்டியலிலேயே மிகச் சரியான பொருத்தம் இதுதான். முகத்துவாரத்து ஊர், ஆற்றின் முழுப்பெயர், ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை.

ஆனால் ஒன்று. நான் விளாத்திகுளத்தில் பிறந்து ஐம்பது வயதை நெருங்குகிறேன். வைப்பாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனதைக் கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற நாளில் மணல், சீமைக்கருவேலம், ஆடு. வெளியூர் நண்பர் ஒருவர் வைப்பாற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, ‘இதில் ஆறு எந்தப் பக்கம்?’ என்று கேட்டார். ‘கீழே, மணலுக்கு அடியில்’ என்றேன். கேலி என்று நினைத்துவிட்டார். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது கேலி இல்லை.

தென்கால்:
இரண்டு நாளாக வாசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்குத் தெற்கே, தென்கால் என்கிற வாய்க்கால் பாசனத்தில் எனக்கு வயல். கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆற்றங்கரையில் இருக்கிற எவர் ஆற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்?

எனக்கு அறுபத்தெட்டு வயது. வீட்டில் இருந்து கிளம்பும்போது ‘ஆற்றுக்குப் போய்வருகிறேன்’ என்பேன். ‘தாமிரபரணிக்குப் போய்வருகிறேன்’ என்று சொன்னால் என் வீட்டுக்காரி நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள். ஆறு என்றால் ஒன்றுதான். மற்றவை கால், மடை, வாய்க்கால், ஓடை. தாமிரபரணி என்பது பேப்பர்க்காரரும் அதிகாரியும் வெளியூர்க்காரரும் சொல்கிற பெயர். படித்தவர்கள் இப்போது பொருநை என்கிறார்கள். சங்கப் பாட்டில் இருக்கிற பெயர், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி ஆற்றில் இறங்கிக் குளித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

கரையில் இருப்பவனுக்கு அடையாளம் ஆறு இல்லை, கால். நான் தென்கால், என் சம்பந்தி வடகால். பெண் பார்க்கப் போனபோதே முதல் பேச்சு, ‘உங்களுக்கு எந்தக் காலில் பாசனம்?’ ஆறு எல்லோருக்கும் பொது, பொதுவானதற்குப் பெயர் எதற்கு? கால் பங்கு பிரித்தது, பங்கு பிரித்ததற்குப் பெயர் வேண்டும். மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். மேலே கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால். தம்பி, உங்கள் பெயரே பாளையங்கால்வாய்தானே?

பாளையங்கால்வாய்:
ஐயா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். என் வீட்டுப் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறது அந்தக் கால்வாய். இந்தத் தளத்தில் பெயர் கேட்டபோது யோசிக்காமல் போட்டது. தாமிரபரணி என்று போடத் தோன்றவே இல்லை. இப்போதுதான் ஏன் என்று புரிகிறது.

கோரைப்பாய்:
தென்கால் ஐயா சொன்னதற்கு எங்கள் பத்தமடை நல்ல சாட்சி. கன்னடியன் கால்வாயின் பத்து மடைதான் பத்தமடை ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். ஆற்றின் பெயரை விட்டுவிட்டு மடையை எண்ணி வைத்த பெயர்.

நான் பாய் நெய்கிற வீட்டுப் பெண். எங்கள் உம்மா கோரையைக் கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஊறப் போடுவார்கள். தேங்கின தண்ணீர் கூடாது, கறுத்துவிடும். தண்டு ஊறி உப்பிய பிறகு எடுத்து, நுனிவிரலில் வைத்துக் கத்தியால் கிழிப்பார்கள். பட்டுப் பாய்க்கு என்றால் ஒரு தண்டு எத்தனை இழையாகும் என்று நான் எண்ணப் போய்த் தோற்றிருக்கிறேன். கிழித்ததைப் பார்த்தே ‘இது ஆற்றுக் கோரை, இது குளத்துக் கோரை’ என்று சொல்வார்கள். அங்கேயும் ஆறுதான். எந்த ஆறு என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை.

கன்னடியன் கால்வாய் வந்த கதையும் இருக்கிறது. கன்னட நாட்டுப் பிரம்மச்சாரி ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு வெட்டினார் என்பார்கள். சேரன்மகாதேவியில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை இல்லாமல் கால்வாய் காய்ந்தால் அவர் மேல் மிளகை அரைத்துப் பூசி நீர் ஊற்றுவார்கள். அந்த நீர் கால்வாயில் போய் விழுந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. பக்கத்துப் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் பார்க்கப் போவோம். மிளகின் நெடியில் எல்லோருக்கும் தும்மல் வரும்.

மெய்ப்பு:
அணைக்கட்டுப் பெயர்களை யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. நதியுண்ணி! நதியை உண்பது. அணைக்கு இதைவிட நேர்மையான பெயர் ஒன்றை எவராவது காட்டட்டும். இன்றைக்கு ஒரு குழு உட்கார்ந்து பெயர் வைத்தால் ‘ஒருங்கிணைந்த நீர்ப் பகிர்வுக் கட்டமைப்பு நிலை இரண்டு’ என்று வைத்திருப்பார்கள்.

குண்டாறு வீட்டுக்காரன்:
செங்கோட்டையிலிருந்து. குண்டாறு விட்டுப்போயிற்று. எங்கள் அணை 36 அடி. மலையில் ஒருநாள் கனமாகப் பெய்தால் நிரம்பிவிடும். மாவட்டத்தில் முதலில் நிரம்புவது நாங்கள்தான் என்று எங்களுக்கு ஒரு பெருமை. ஆனால் கமுதிப் பக்கம் ஓடுகிற ஆறும் குண்டாறுதான். தொலைக்காட்சியில் ‘குண்டாறு அணை நிரம்பி வழிகிறது’ என்று ஓடியதும், கமுதியில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை மகள் சென்னையிலிருந்து பதறிக்கொண்டு போன் செய்தாள். அவள் மாமியார் வீட்டு ஆற்றில் அன்றைக்குத் தூசிதான் பறந்தது.

இப்படி இரட்டைப் பெயர்கள் நிறைய. சிற்றாறு இங்கேயும் உண்டு, கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு. மணிமுத்தாறு விருத்தாசலத்திலும் ஓடுகிறது. தாமிரபரணியே குழித்துறைப் பக்கம் இன்னொன்று உண்டு. அனுமன் நதியும் மேக்கரையில் ஒன்று, பணகுடிப் பக்கம் ஒன்று. அனுமன் தாண்டிப் போனவர் என்பதால் இரண்டு இடத்தில் கால் வைத்திருக்கலாம்.

மேலணை:
கோதையாறு என்று ஒன்றும் இருக்கிறது. மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். 2023-ல் அரிக்கொம்பன் யானையைக் கொண்டு விட்டார்களே, அந்த மேல்கோதையாறு. பாதை நம் பக்கம், தண்ணீர் கன்னியாகுமரிப் பக்கம். ஊத்து என்பதும் ஊற்றுதான், மெய்ப்புத் தம்பி திருத்த வந்துவிட வேண்டாம். அங்கே எல்லோரும் ஊத்து என்றுதான் எழுதுவார்கள். மழைக் கணக்கில் மாவட்டத்தின் முதல் வரியில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும்.

மணிமுத்தாறு ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பழையது, ஊர் புதியது. 1958-ல் அணை முடிந்த பிறகு வளர்ந்ததுதான் இன்று பஸ் நிற்கும் மணிமுத்தாறு. ஆறு அணைக்குப் பெயர் கொடுத்தது, அணை ஊருக்குக் கொடுத்தது.

நம்பி பாதம்:
நேர் எதிரானது எங்கள் நம்பியாறு. திருக்குறுங்குடி நம்பி பெயரால் மலை நம்பி மலை, மலையால் ஆறு நம்பியாறு. அது கடலில் சேரும் இடத்தில் உள்ள ஊர் ஆற்றங்கரைப் பள்ளிவாசல். பெருமாள் பெயரில் புறப்பட்டு, பள்ளிவாசல் பெயரில் முடிகிற ஆறு. அங்கேயும் ஊர்ப்பெயரில் ‘ஆறு’ என்று மட்டும்தான் இருக்கிறது, நம்பி இல்லை. தென்கால் ஐயா கவனிக்க.

இப்போது தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைத்து 75 கிலோமீட்டருக்கு வெள்ளநீர்க் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் அதன் கரையில் இன்னும் ஐம்பது வருடத்தில் ஓர் ஊர் முளைத்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காயல்காற்று:
எல்லோரும் இனிப்புத் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். முகத்துவாரத்துக்கு வாருங்கள். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். மூன்றிலும் காயல். காயல் என்றால் ஆறும் கடலும் கலந்து, மணல்திட்டுக்கு உள்ளே தங்கி நிற்கும் நீர்ப்பரப்பு. இது ஓர் ஆற்றின் பெயர் இல்லை, நீரின் வகைப் பெயர். உங்கள் விதியில் இடம் உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று வயலுக்கு நடுவே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போயிற்று. கொற்கையைக் கடல் கைவிட, பழையகாயல் துறைமுகம் ஆயிற்று. மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான் என்பது கால்டுவெல்லின் கருத்து. பிறகு அதையும் கடல் கைவிட்டது. எனவே பெயரில் காயல் இருந்தாலும் காலடியில் காயல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். புன்னைக்காயலில் மட்டும் இன்றும் ஆறு கிளை பிரிந்து அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலுக்குப் போகிறது.

2023 டிசம்பர் வெள்ளம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அடுத்தடுத்த நாள்களில் வெளியூர்த் தொண்டுக் குழு ஒன்று புன்னைக்காயலுக்கு என்று அரிசி, பாய், பால்பவுடர் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வழியாக வந்தது. பழையகாயல் பலகையைப் பார்த்ததும், காயல் வந்துவிட்டது என்று இறக்கத் தொடங்கிவிட்டார்கள். இடையில் ஆறு கிடக்கிறது, இது வேறு காயல் என்று நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். வண்டியில் இருந்த பையன் என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். ‘உங்களுக்கும் வேண்டும்தானே அண்ணே?’ என்றான். வேண்டும்தான். பாதியை இறக்கிக்கொண்டோம். மீதிக்கு வழி சொல்லி, முக்காணி வரை என் மைத்துனனை முன்னால் பைக்கில் அனுப்பினேன்.

பாளையங்கால்வாய்:
காயல் மூன்றும் பட்டியலில் சேர்ந்துவிட்டன, விதி கிடக்கட்டும். ஆத்தூர் பற்றியும் ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். ஆற்றூர்தான் ஆத்தூர். வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஆத்தூர். சேலத்து ஆத்தூரோடு குழப்ப வேண்டாம்.

மெய்ப்பு:
பெரிய மீனை விட்டுவிட்டுச் சின்ன மீனை எண்ணிக்கொண்டிருக்கிறோம். தாமிரபரணியின் பெயரையே உடைய இடம் ஒன்று உண்டு, கடலுக்கு அந்தப் பக்கம். இலங்கையின் பழைய பெயர் தாம்ரபர்ணி, பாலியில் தம்பபண்ணி, கிரேக்கர் வாயில் தப்ரபேன். அசோகரின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியருக்கு அடுத்து வரும் தம்பபண்ணி இலங்கைதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆற்றிலிருந்து தீவுக்குப் போயிற்றா, தீவிலிருந்து ஆற்றுக்கு வந்ததா என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புன்னைக்காயல் முகத்துவாரம் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

தென்கால்:
ஒரு நாட்டுக்கே பெயர் இருக்கிறதா? அப்படியானால் இனி ஆற்றுக்குப் போகும்போது சட்டை போட்டுக்கொண்டு போகிறேன்.

பாளையங்கால்வாய்:
ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கங்கைகொண்டான் கேள்விக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். நம்பியாற்றுக்கு ஒருவரும் இல்லை. முக்கூடலுக்கு இரண்டு விடையையும் ஏற்றேன். உடனே ஒரு சிறுமி, அப்படியானால் மதிப்பெண்ணும் இரண்டா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியைத் தென்கால் ஐயாவை நினைத்துக் கேட்டேன்: ‘உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன?’ மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பையன் எழுந்து, ‘ஆறு’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் நின்றான். முழு மதிப்பெண் போட்டேன்.

சிற்றாற்றுக்கரை:
அண்ணாச்சி, மேலப்பாளையத்தில் வீட்டுப் பக்கம் ஓடுவது பாளையங்கால்வாய். மதிப்பெண்ணைத் திரும்ப வாங்குங்கள்.